டிஸ்க் காரணமல்லாத கால்வலியைக் கண்டறிவது எப்படி?

பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இறங்கும் வலிக்குப் பெரும்பாலும், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் பிதுக்கமே காரணம். ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் பிதுக்கம் தெரிகிறது என்பதாலேயே வலி அங்கிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் அத்தகைய பிதுக்கம் காணப்படுகிறது. எனவே வலி எங்கே தொடங்குகிறது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்ற இடத்திலேயே சில நிமிடங்களில் வலி விட்டுவிட்டால், ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். நின்றால் குறையாமல், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ மட்டும் குறைந்தால், முதுகுத்தண்டின் உட்குழல் சுருங்கியிருக்கக்கூடும். முதல் வகையில், பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்து, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உள்ளது எனலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச்சுவர் இறுகி, விகிதம் சரியாக இருப்பதுபோல் காட்டும் என்பதால், கால்விரல் அழுத்தத்தையும் அளப்பது நல்லது. புகைப்பதை அடியோடு நிறுத்துவதும், மருத்துவர் தரும் மாத்திரைகளும், முறையான நடைப்பயிற்சியுமே சிகிச்சையின் அடித்தளம்.

உட்கார உட்காரப் பிட்டத்தின் நடுவே வலி கூடுகிறவர்களுக்கு, அங்குள்ள பிரிஃபார்மிஸ் தசை, கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் சையாட்டிக் நரம்பை அழுத்தலாம். மல்லாந்து படுத்து, இடுப்பை மடக்கி, முழங்காலை எதிர்ப்பக்கத் தோளை நோக்கிச் சாய்க்கும்போது வழக்கமான அதே வலி எழுந்தால் சந்தேகம் வலுக்கும். எனினும் முதுகெலும்புக் கோளாறு இல்லையென்று உறுதிசெய்த பிறகே இதற்கு வர வேண்டும். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுபவர்கள் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். மல்லாந்து படுத்தபடி, வலிக்கும் காலின் கணுக்காலை மறு முழங்காலின்மேல் வைத்து, அந்த மறுதொடையை மார்பை நோக்கி இழுத்து 30 விநாடி நிறுத்துவது எளிய பயிற்சி. வாரக்கணக்கில் பலனில்லையெனில் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதலுடன் ஊசி போடலாம்.

தொடையின் வெளிப்புறம் மட்டும் எரிந்து மரத்துப்போனால், இறுக்கமான பெல்ட் நரம்பை அழுத்தியிருக்கலாம் என்பதால் அதைத் தளர்த்திப் பாருங்கள். இடுப்பு மடிப்பில் வலியும், சம்மணமிட முடியாமையும் இருந்தால் இடுப்பு மூட்டைப் படமெடுக்க வேண்டும். அக்கியாலும் கால்வலி வரலாம்; அதில், கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே வலி வந்துவிடும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குவது சிறந்தது. மாதவிடாய்தோறும் வந்து போகும் கால்வலிக்கு மகப்பேறு மருத்துவரின் ஆலோசனை தேவை.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால், எண்ணெய் தேய்த்து நீவக் கூடவே கூடாது. மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் முதுகுவலியும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய்க்குச் சோதிக்க வேண்டும். சிறுநீர் பிரியாமை, மலத்தை அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், பாதம் தொங்கிவிடுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.