பொது முற்றத்தைச் சுற்றி வரிசை வீடுகளை வடிவமைக்கும் முறை

புதிதாக வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வீடுகளை அடுக்கிவிட்டு, மிஞ்சிய இடத்துக்கு முற்றம் என்று பெயர் வைக்கிறார்கள். மனையின் எல்லைக் கோடுகளைப் போட்டதும் முதலில் முற்றத்தை வரையுங்கள்.

அதன் அகலத்தை நிழலைக் கொண்டு கணக்கிட வேண்டும். வட அரைக்கோளத்தில் டிசம்பர் பிற்பகுதியின் நண்பகல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை அறிய, 90-இலிருந்து அவ்விடத்தின் அட்சரேகையையும் 23.5-ஐயும் கழியுங்கள். அட்சரேகை 40 பாகை எனில் விடை 26.5 பாகை, அப்போது 7 மீட்டர் உயரமுள்ள வீட்டின் நிழல் ஏறத்தாழ 14 மீட்டர் நீளும். குளிர்ப் பகுதியில் முற்றம் அதைவிட அகலமாக இருக்கட்டும். வெப்பப் பகுதியில் நிழலே வேண்டியிருப்பதால் தாராளமாகக் குறுக்கலாம்.

அடுத்து வீடுகள். பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுக்கும் பொதுவானவை என்பதால் முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சம் நுழையும். சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பகல் ஒளி நன்றாக எட்டும் என்பதால், வீட்டின் ஆழத்தை 10 மீட்டர் அளவில் நிறுத்தி, குளியலறையையும் படிக்கட்டையும் நடுவில் வையுங்கள். சமையலறை முற்றத்தைப் பார்க்கட்டும். வேலை செய்துகொண்டே விளையாடும் குழந்தைகளைக் கவனிக்க முடியும்.

என் பார்வையில் இந்த வடிவமைப்பின் உயிர், வீட்டுக்கும் முற்றத்துக்கும் இடையிலுள்ள ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் அகலமான இடைவெளியில் இருக்கிறது. பொதுத் தரை நேராக அறைச் சன்னலைத் தொட்டால், உள்ளே இருப்பவர் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவார், முற்றமும் ஆளரவமின்றிப் போகும். ஆகவே அங்கே ஒரு திண்ணையையும் தாழ்வான செடி வரிசையையும் அமைத்து, உட்கார்ந்திருப்பவர் தாம் விரும்பும்போது பேசவும் விரும்பாதபோது விலகியிருக்கவும் வழிசெய்யுங்கள்.

முற்றத்தின் தரை வீடுகளிலிருந்து வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். 100-க்கு 1 என்ற சரிவு போதும். குப்பைத் தொட்டிகளை நுழைவாயிலருகே வையுங்கள். தீயணைப்பு வண்டிக்கான வழியை உள்ளூர் விதிப்படி ஒதுக்குங்கள்.

இறுதியாக, முற்றம் யாருடையது என்பதை எழுத்தில் முடிவுசெய்யுங்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1924 முதல் 1928 வரை கட்டப்பட்ட சன்னிசைட் கார்டன்ஸ் குடியிருப்பில், கட்டடக் கலைஞர்களான கிளாரன்ஸ் ஸ்டெயினும் ஹென்றி ரைட்டும் வரிசை வீடுகளுக்கு நடுவே அருமையான பொதுத் தோட்டங்களை அமைத்தார்கள். அவற்றைக் காத்த ஒப்பந்தங்களுக்கு 40 ஆண்டுகளே ஆயுள். அவை காலாவதியானதும் சிலர் தங்கள் பங்கைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். எனவே முற்றத்தைப் பிரிக்க முடியாத கூட்டுச் சொத்தாக, காலவரம்பின்றி, ஒவ்வொரு வீட்டின் விற்பனைப் பத்திரத்திலும் சேர்க்கும்படி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.