லினக்ஸ் லேப்டாப்பில் மாட்டிய மானிட்டர் மினுக்குகிறதா? கெர்னலில் கை வைக்கும் முன் கிளாக்கைக் குறைத்துப் பாருங்கள்

லேப்டாப்பின் சொந்தத் திரை நன்றாக இருக்கிறது, எச்டிஎம்ஐயில் மாட்டிய மானிட்டர் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. இதற்கு இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம் ‘பிஎஸ்ஆரை அணைத்துவிடு’ என்பது. அதைச் செய்யாதீர்கள். பிஎஸ்ஆர், அதாவது பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ், லேப்டாப்போடு சேர்ந்தே வரும் திரைக்கான மின்சிக்கன ஏற்பாடு. எச்டிஎம்ஐ மானிட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். எச்டிஎம்ஐ போன்ற போர்ட் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்து. எழுத்தெழுத்தாகப் பிரித்த பெயர்களின் நடுவே வரும் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, சேர்த்து அடியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: எந்த மாதிரி மினுக்கல்?

திரை முழுக்கக் கறுத்து, ஒன்றிரண்டு நொடியில் திரும்பி வந்தால் இணைப்பே அறுந்து மறுபடி சேர்கிறது. படம் இருக்கும்போதே வெள்ளைப் புள்ளிகளும் கிடைக்கோடுகளும் தெறித்தால் கம்பியில் தரவு சிதைகிறது. வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கினால், அதுவும் அடர் சாம்பல் நிறத்தில் அதிகம் தெரிந்தால், மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க்கையும் டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அணையுங்கள். மூன்றாவது வகைக்கு அநேகமாக அதோடு வேலை முடிந்தது. மீதி இரண்டுக்கும் கீழே.

கேபிளை மாற்றுங்கள்

இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். 4கே மானிட்டர் என்றால் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்று சான்று ஒட்டிய கேபிள். இடையில் இருக்கும் கன்வெர்ட்டர், நீட்டிப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

லாகைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்

ஒரு டெர்மினலில் ‘சூடோ டி-எம்-இ-எஸ்-ஜி -டபிள்யூ’, இன்னொன்றில் ‘யூ-டி-இ-வி-ஏ-டி-எம் மானிட்டர்’. மினுக்கும் அதே கணத்தில் இரண்டாவதில் ‘சேஞ்ச்’ என்று டிஆர்எம் (கெர்னலில் திரையைக் கவனிக்கும் பகுதி) வரி விழுந்தால், மானிட்டர் பிடுங்கி மாட்டப்பட்டதாக லேப்டாப் நினைக்கிறது: கேபிள், போர்ட், மானிட்டரின் பவர் அடாப்டர் இவற்றில் ஒன்று. முதலாவதில் ‘ஃபிஃபோ அண்டர்ரன்’ என்று வந்தால் இன்டெல் கிராபிக்ஸுக்கு மெமரியிலிருந்து படம் நேரத்துக்கு வந்து சேரவில்லை; நேராகக் கடைசிப் படிக்குப் போங்கள். இரண்டிலும் ஒன்றுமே வரவில்லையென்றால் அடுத்த படிதான் உங்களுக்கு.

கிளாக்கைக் குறையுங்கள் (பலரும் வழுக்கும் இடம்)

டிஸ்ப்ளே அமைப்பில் ரிஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஆக்கிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் மினுக்குது, அப்போ கேபிள் காரணமில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறான முடிவு. தொலைக்காட்சித் தரத்தில் 1080பி 60க்கு பிக்சல் கிளாக், அதாவது கம்பியில் பிக்சல்கள் போகும் வேகம், 148.5 மெகாஹெர்ட்ஸ், 1080பி 50க்கும் அதே 148.5தான். வரிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நீட்டி ஈடுகட்டிவிடுவார்கள். 4கேயிலும் அதே கதை: 60க்கும் 50க்கும் 594. ஆக, கம்பியின் சுமை இம்மியும் குறையவில்லை. 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள்: 1080பியில் 74.25, 4கேயில் 297. பட்டியலில் 30 இல்லையென்றால் 1280x720, 60 ஹெர்ட்ஸ், அதுவும் 74.25தான். இதில் மினுக்கல் நின்றால் கேபிளோ போர்ட்டோ முழு வேகத்தைத் தாங்கவில்லை என்று பொருள்.

நல்ல கேபிளிலும் 1080பி 60 தடுமாறினால் வண்ண ஆழத்தைப் பாருங்கள். மானிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்றால் இன்டெல் டிரைவர் எச்டிஎம்ஐயில் ஒரு வண்ணத்துக்கு 12 பிட் வரை அனுப்பும். 8 பிட்டுக்கு 148.5 என்றால் 12 பிட்டுக்கு ஒன்றரை மடங்கு, 222.75 மெகாஹெர்ட்ஸ். ‘எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர் --வெர்போஸ்’ கொடுத்தால் அப்போதும் 148.5 என்றே காட்டும். இந்தக் கூடுதல் சுமை அதில் தெரியாது. தெரிய வேண்டுமானால் ரூட்டாக ‘/சிஸ்/கெர்னல்/டீபக்/டிஆர்ஐ/0/’ கோப்புறையில் ‘ஐ915_டிஸ்ப்ளே_இன்ஃபோ’ கோப்பைத் திறந்து ‘பிபிபி’ எவ்வளவு என்று பாருங்கள். 36 என்றால் 12 பிட், 24 என்றால் 8 பிட். சில லேப்டாப்பில் 0க்குப் பதில் 1 இருக்கும்.

8க்கு இறக்க:

எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --செட் "மேக்ஸ் பிபிசி" 8

மேற்கோள் குறியும் நடுவில் உள்ள இடைவெளியும் கட்டாயம். போர்ட்டின் பெயர் உங்களுக்கு வேறாக இருக்கலாம். வெறும் எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர் அடித்தால் தெரியும்.

கட்டளை ஏறவே இல்லையா? நீங்கள் வேலேண்டில் (திரையில் படம் காட்டும் புதிய ஏற்பாடு; பழையது எக்ஸார்க்) இருக்கிறீர்கள். அங்கே இந்தக் கருவியால் படிக்கத்தான் முடியும், மாற்ற முடியாது. உபுண்டு 24.04இல் லாகின் திரையின் மூலையில் உள்ள பல்சக்கரத்தில் ‘உபுண்டு ஆன் எக்ஸார்க்’ தேர்ந்தெடுக்கலாம், 25.10இல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் மின்ட் சினமன் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து சோதிப்பதைத்தான் நான் சொல்வேன். அது இயல்பாகவே எக்ஸார்க்கில் வரும். கோளாறு உங்கள் நிறுவலிலா, வன்பொருளிலா என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

மறுமுறை பூட் செய்தால் இந்த மாற்றம் போய்விடும். பலன் கிடைத்தால் கட்டளையை ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் கெர்னல்

எடுத்த எடுப்பில் கோப்பைத் திருத்த வேண்டாம். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டுக் கீழே சொல்வதைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும். அண்டர்ரன் வந்த இன்டெல்லுக்கு முதலில் ‘ஐ915.எனேபிள்_எஃப்பிசி=0’, அது போதவில்லையென்றால் ‘ஐ915.எனேபிள்_டிசி=0’. இரண்டாவதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால்தான் அதைப் பின்னால் வைத்தேன். கிராபிக்ஸ் உள்ளேயே உள்ள ஏஎம்டி சிப்பென்றால் ‘ஏஎம்டிஜிபியு.எஸ்ஜி_டிஸ்ப்ளே=0’. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். பிடித்துவிட்டால் ‘/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் ‘கொயட் ஸ்ப்ளாஷ்’ பக்கத்தில் எழுதி, ‘சூடோ அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை: டாக், நாற்காலி

யுஎஸ்பி-சி டாக் (ஒரே போர்ட்டில் மாட்டிப் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) பலவும் நான்கு லேனில், அதாவது தரவுப் பாதையில், இரண்டை யுஎஸ்பிக்கு ஒதுக்கிவிடும். மீதி இரண்டில், லேனுக்கு 5.4 கிகாபிட் என்றால் படத்துக்குக் கிடைப்பது 8.64 கிகாபிட், 4கே 60க்கு ஏறக்குறைய 12.8 வேண்டும். அமைப்புகளில் எதை மாற்றினாலும் அங்கே 4கே 60 ஏறாது. யுஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் வாங்குங்கள், நான்கு லேனும் படத்துக்கே கிடைக்கும்.

நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ மட்டும் திரை ஒரு நொடி கறுத்தால், லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். கேஸ் சிலிண்டர் வைத்த சுழல் நாற்காலியில் சேரும் நிலைமின்சாரம் வெடிக்கும்போது எழும் மின்காந்தத் துடிப்பைக் கேபிள் பிடித்துக்கொள்கிறது. நல்ல ஷீல்டு உள்ள குட்டைக் கேபிளைப் போட்டு, அதை நாற்காலி ஓரமாக ஓடவிடாமல் மேசைக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.