பிஆர்எஸ்ஆர் அறிக்கையில் பருவநிலை அபாயத்தை எழுதுவது எப்படி?

பிஆர்எஸ்ஆர் என்பது ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாகம் பற்றி ஆண்டுதோறும் தரும் அறிக்கை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 முதல் இதைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது.

கார்பன் கணக்கு சிரமமில்லை. ஜெனரேட்டர் டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, இது ஸ்கோப் 1, அதாவது நிறுவனமே நேரடியாக வெளியிடுவது. வாங்கும் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, இது ஸ்கோப் 2, அதாவது வாங்கிய மின்சாரத்தை உற்பத்தி செய்யும் இடத்தில் வெளியாவது. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் எண்ணையே எடுங்கள். ஏசி வாயுக் கசிவைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சறுக்குவது, படிவத்தில் அபாயத்தின் 'நிதித் தாக்கம்' கேட்கும் கட்டத்தில். 'எதிர்மறை' என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவார்கள். படிவம் நிரம்பிவிடும், முதலீட்டாளருக்கு ஒன்றும் விளங்காது. வெள்ளம் புகும் ஆலை எது, அங்கே கிடக்கும் சரக்கின் மதிப்பு என்ன, ஒரு நாள் உற்பத்தி நின்றால் எத்தனை லட்சம் போகும், அதில் இன்சூரன்ஸ் எவ்வளவு ஈடுகட்டும் என்று ரூபாயில் எழுதுங்கள். சரக்கு மதிப்பு நிதிநிலை அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முரண்பட்டால் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.