மகனீசியம் தீப்பற்றினால் வாளியைத் தொடாதீர்கள்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

திருகோணமலையில் எங்கே தீப்பிடித்தாலும் கை முதலில் தண்ணீர் வாளிக்குப் போகும். அது கிடைக்காவிட்டால் கடற்கரை மணலுக்குப் போகும். மகனீசியத்தைப் பொறுத்தவரை முன்னது எப்போதும் பிழை, பின்னது பெரும்பாலும் பிழை. பாடசாலை ஆய்வுகூடத்தில் நாடாவை எரித்துக் காட்டுபவருக்கும், லேத் பட்டறையில் மகனீசியக் கலப்புலோகம் கடைபவருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், உலோகம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கட்டியான மகனீசியம் தன்மீது படும் வெப்பத்தை உள்ளே பரவவிடுவதால் இலகுவில் பற்றாது. நாடா, சீவல், தூள் ஆகியவற்றுக்கோ சிறு சுவாலையே போதும். சுவாலை ஏறத்தாழ 3,100 பாகை செல்சியசை எட்டக்கூடும். அதன் வெண்ணொளியை நேரே பார்த்தால் கண் பாதிக்கப்படும்.

அடுத்து, ஆகாதவற்றை மனதில் இருத்துங்கள். எரியும் மகனீசியம் நீரிலிருந்து ஒட்சிசனைப் பறித்து ஐதரசனை வெளிவிடுகிறது. அவ்வாயு வெடித்து எரிவதால் உருகிய உலோகம் நாற்புறமும் சிதறும். தீயணைக்கும் நுரையிலும் நீரே இருக்கிறது. காபனீரொட்சைட்டிலும் மகனீசியம் கரிய காபனைத் துகள்களாக விட்டுவிட்டு எரியும். நைதரசனும் அதை அடக்காது. ஆகவே சுவரில் தொங்கும் வழக்கமான தீயணைப்பான் இங்கு உதவாது.

வேலை தொடங்குமுன் உலோகத் தீக்குரிய டி வகுப்புத் தூளை அருகில் வையுங்கள். அவ்வகைத் தூள்களுள் ஒன்றின் அடிப்படை சோடியம் குளோரைட்டு, அதாவது நம் சமையலுப்புத்தான். சிறு தீக்கு உலர்ந்த மணலும் உதவும். ஆனால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளின் மணல் மேலே காய்ந்து தெரிந்தாலும் ஒரு சாண் தோண்டினால் ஈரமாயிருக்கும், அதிலுள்ள உப்பும் காற்றின் ஈரத்தை இழுக்கும். எனவே மணலை நல்ல நீரில் கழுவி, தாச்சியில் நன்றாக வறுத்து ஆறவைத்து, இறுக மூடும் தகர வாளியில் சேமியுங்கள். மிகுந்த சூட்டில் மணலின் சிலிக்காவோடும் மகனீசியம் தாக்கமுறும் என்பதால் பெருந்தீக்கு அதை நம்பக்கூடாது.

தீப்பற்றினால் காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, நீண்ட பிடியுள்ள சவளால் தூளை மெதுவாகப் பரப்பி மூடுங்கள். வீசியடித்தால் எரியும் சீவல் கிளம்பிப் பறக்கும். உலோகத் தூளாயின் காற்றில் எழுந்து வெடிக்கவும் கூடும். தீ கைமீறினால் வெளியேறி, தீயணைப்புப் பிரிவினரிடம் முதற்சொல்லாகவே “மகனீசியம்” என்று கூறுங்கள்.

மூடிய குவியலைக் கிளறாதீர்கள். மேற்பரப்பு அடங்கினாலும் உள்ளே உலோகம் கனன்றுகொண்டிருக்கும். முற்றாக ஆறப் பல மணிநேரம் ஆகலாம்.