மஞ்சள் தூள் வேறு, மஞ்சள் மாத்திரை வேறு: மூட்டு வலிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக்கடை அலமாரியில் மஞ்சள் மாத்திரை டப்பாக்கள் இரண்டு அருகருகே இருக்கும். இரண்டிலும் 500 மில்லிகிராம் என்றே அச்சடித்திருப்பார்கள். ஒன்றில் இருப்பது வெறும் அரைத்த மஞ்சள். மற்றதில் இருப்பது மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமினாய்டு, 95 சதவீதம். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்களுக்குத்தான் அந்தப் பெயர்; அவற்றில் முக்கியமானது குர்குமின். முதல் மாத்திரையில் குர்குமின் சுமார் 15 மில்லிகிராம், இரண்டாவதில் 475. முப்பது மடங்கு வித்தியாசம், ஆனால் முன்பக்கத்தில் ஒரே எண். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் 'மஞ்சள் கிழங்குத் தூள்' என்று இருக்கிறதா, 'சாறு (extract), 95 சதவீதம்' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்தே கிளம்புகின்றன.

மஞ்சள் பாலில் எவ்வளவு இருக்கிறது?

நல்ல மஞ்சள் தூளில் எடைக்கு 3 சதவீதம் அளவில் குர்குமின் இருக்கும். ஈரோட்டு மஞ்சளில் ஏறக்குறைய இந்த அளவுதான். மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7 சதவீதத்தைத் தாண்டும். தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் குர்குமின் 90 மில்லிகிராம். பாலில் நாம் போடுவது கால் கரண்டி. 20 மில்லிகிராம் சொச்சம்தான் தேறும். நாலு பேருக்கு வைத்த சாம்பாரில் அரைக் கரண்டி போட்டால் ஆளுக்குப் பத்துச் சொச்சம்.

வலி குறைகிறது என்று காட்டிய ஆய்வுகள் பயன்படுத்திய அளவு வேறு. 2014 இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பகுதியினருக்கு மஞ்சள் சாறு தினம் 1500 மில்லிகிராமும், மற்றவர்களுக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை 1200 மில்லிகிராமும் நாலு வாரம் கொடுத்தார்கள். வலி குறைந்த அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. வயிற்று உபாதை மஞ்சள் பக்கம் குறைவு. இது நல்ல சேதிதான். ஆனால் நாலு வாரம், முழங்கால் தேய்மானம், சாறு என்ற மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே அளவு குர்குமினைத் தூளாக எடுக்க நினைத்தால் ஒரு நாளைக்குப் பத்துக் கரண்டிக்கு மேல் விழுங்க வேண்டியிருக்கும். அதை வயிறு ஏற்காது. ஏற்றாலும் சிறுநீரகம் ஏற்காது, காரணம் கீழே வருகிறது.

ஆக, இரவில் மஞ்சள் பால் குடிப்பவர் குடிக்கட்டும். தொண்டைக்கு இதம், தூக்கத்துக்குச் சுகம். அதை நம்பி மூட்டு வலி மருந்தை நிறுத்துவதுதான் பிசகு. அதிலும் ருமாட்டாய்டு எனப்படும் முடக்குவாதம் உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. தேய்மானத்தில் வலி மட்டும்தான் தொல்லை என்று சமாளிக்கலாம். முடக்குவாதத்தில் வலி அடங்கியிருக்கும்போதும் மூட்டு உள்ளே அரிபட்டுக்கொண்டிருக்கும். சில மாதம் மருந்தில்லாமல் கழிந்தால் கோணிய விரலை எந்தக் கிழங்கும் நிமிர்த்தாது.

மிளகு சேர்ப்பதில் உள்ள சூட்சுமம்

குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். குடல் அதை உறிஞ்சுவது சொற்பம். உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். அதனால்தான் வெறும் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது வீண். எண்ணெயில் தாளிக்கும்போது போடுவதும், ஆடை எடுக்காத பாலில் போட்டு ஒரு கொதி விடுவதும் நம் சமையலறை தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழிகள்.

மிளகு இன்னொரு வழி. 1998 இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு, மிளகின் காரத்துக்குக் காரணமான பிப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடியது. மிளகில் பிப்பரின் சுமார் 5 சதவீதம் என்பதால் 20 மில்லிகிராமுக்கு எட்டுப் பத்து மிளகு வேண்டும். ஒரு சிட்டிகை மிளகுத்தூளைத் தூவிவிட்டு இருபது மடங்கு என்று சொல்வது மிகை.

பலரும் கவனிக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. பிப்பரின் மஞ்சளுக்கென்று தனியாக எந்தக் கதவையும் திறப்பதில்லை. உடம்புக்குள் வரும் பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதிகளைத் தடுக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் ஆகியவையும் அதே நொதிகளை நம்பித்தான் வெளியேறுகின்றன. தினமும் பிப்பரின் சேர்ந்த மாத்திரை விழுங்கினால் இந்த மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறும். ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

"சமையல் பொருள்தானே, என்ன செய்துவிடும்?"

குழம்பில் போடும் மஞ்சள் கல்லீரலைக் கெடுத்ததாகப் பேச்சே இல்லை. செறிவூட்டிய மாத்திரை கெடுத்திருக்கிறது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து பதிவு செய்யும் திட்டம் ஒன்று உண்டு. அதில் 2004 முதல் 2022 வரை மஞ்சள் மாத்திரையால் வந்ததாக 10 பேர் பதிவானார்கள், ஒருவர் இறந்தார். அந்தப் பத்துப் பேரில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. உறிஞ்சும் திறனைக் கூட்டப் பிப்பரின் சேர்த்த தயாரிப்புகளும் அவற்றில் இருந்தன. இத்தாலியின் சுகாதார அமைச்சகம் 2022 இல் இந்த மாத்திரைகளில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023 இல் எச்சரிக்கை விட்டது.

மாத்திரை விழுங்கும் கோடிக்கணக்கானவர்களில் இது அரிது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத அரிது. பெரும்பாலும் தொடங்கிய ஒன்று முதல் நாலு மாதத்துக்குள் வரும். பசி போவது, ஓயாத சோர்வு, உடம்பு அரிப்பு, கட்டஞ்சாயா நிறத்தில் சிறுநீர், வலது விலாவுக்குக் கீழே வலி ஆகியவை தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். கண் மஞ்சளானால் "மஞ்சள் சாப்பிடுகிறேன், அதுதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் சாப்பிட்டுக் கண் மஞ்சளாகாது; மலம் வேண்டுமானால் ஆகும். கண் மஞ்சளானால் அது காமாலை. சரியான பிறகு வேறு கம்பெனி மாத்திரையில் மறுபடி தொடங்குவது அடுத்த தவறு. இரண்டாவது தடவை இன்னும் வேகமாக வரலாம்.

உணவில் சேர்க்கும் குர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு வகுத்த அளவு, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை. அறுபது கிலோ ஆளுக்கு 180. சமையல் இதன் பக்கத்தில்கூட வராது. 95 சதவீத மாத்திரை ஒன்றே இதைப்போல இரண்டரை மடங்கு.

யார் கை வைக்கக் கூடாது

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் சாப்பிடுபவர்கள். வார்ஃபரினில் நிதானமாக இருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 10க்கு மேல் ஏறியதை நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018 இல் அறிவித்தது. வழக்கமாக அது 2 முதல் 3க்குள் நிற்க வேண்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அறுவைச் சிகிச்சை தேதி குறித்தால் இரண்டு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும். பல் பிடுங்குவதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பித்தப்பைக் கல் உள்ளவர்கள். குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும், 20 மில்லிகிராமே போதும். கல் இல்லாதவருக்கு அது நல்லது. கல் இருந்தால், சுருங்கும்போது கல் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளலாம்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள். கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் மஞ்சளில் அதிகம், அதுவும் கரையும் வகை. இங்கே நிலைமை தலைகீழ்: சுத்திகரித்த சாற்றை விடத் தூள்தான் சந்தேகத்துக்குரியது. தினமும் கரண்டிக் கணக்கில் தூளை வெந்நீரில் குடிக்கும் வைத்தியம் கால்சியம் ஆக்சலேட் கல்காரர்களுக்கு ஆகாது.

ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள். குர்குமின் இரும்போடு ஒட்டிக்கொள்ளும், அதனால் இரும்பு உடம்பில் சேர்வது குறையலாம். கர்ப்பிணிகளுக்குக் குழம்பு மஞ்சள் சரி, மாத்திரை வேண்டாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களின் கல்லீரல் ஏற்கெனவே சுமை தாங்குகிறது. அதன்மேல் இன்னொன்றை வைப்பதானால் ரத்தப் பரிசோதனையோடுதான்.

பெயரில் ஏமாறுவது

நாட்டு மருந்துக்கடையில் "மஞ்சள்" என்று கேட்டால் மூன்று நாலு சரக்கு கிடைக்கும். விரலி மஞ்சளும் குண்டு மஞ்சளும் ஒரே செடி. விரல் போலக் கிளைத்தது விரலி, தாய்க்கிழங்கு குண்டு. கஸ்தூரி மஞ்சள் வேறு செடி, பூசுவதற்கானது. மர மஞ்சள் இவற்றுக்கு உறவே இல்லை. அது ஒரு கொடியின் தண்டு, மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின். சர்க்கரையை இறக்கும், கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆபத்து. பெயரில் மஞ்சள் இருக்கிறதே என்று கஷாயத்தில் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

வெட்டுக்காயத்தில் அஞ்சறைப்பெட்டி மஞ்சளை அப்புவதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். காயம் ஆற்ற மஞ்சள் என்பதற்கு அமெரிக்காவில் 1995 இல் காப்புரிமையே கொடுத்தார்கள். இது எங்கள் பழைய கை வைத்தியம் என்று இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வாதாடி 1997 இல் ரத்து செய்ய வைத்தது. வழக்கில் வென்றதால் டப்பாவில் இருக்கும் தூள் கிருமியற்றதாகிவிடாது. களத்தில் உலர்ந்து மில்லில் அரைபட்ட தூளில் மண்கிருமி இருக்கும். பிறந்த குழந்தையின் தொப்புளில் வைக்கவே கூடாது.

தூள் வாங்குகிற இடம்

மஞ்சளில் இரண்டு கலப்படங்கள் மோசமானவை: மெட்டானில் மஞ்சள் என்ற சாயம், ஈயக் குரோமேட். இரண்டாவதைக் கிழங்கைப் பாலிஷ் போடும்போதே பூசிவிடுவார்கள். வங்கதேசத்தில் மக்கள் ரத்தத்தில் ஏறிய ஈயத்துக்கு இந்தப் பூச்சு ஒரு முக்கியக் காரணம் என்று 2019 இல் ஆய்வாளர்கள் நிறுவிய பிறகு அரசு அங்கே மொத்தச் சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டித்தது.

வீட்டில் செய்யக்கூடியது: ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டித் தூளைப் போட்டு, கலக்காமல் விட வேண்டும். நல்ல தூள் இறங்கும்போது வெளிர் மஞ்சளாகக் கரைந்து அடியில் படியும். தண்ணீர் முழுக்க அடர் மஞ்சளானால் சாயம் இருக்கிறது. ஆனால் ஈயக் குரோமேட் தண்ணீரில் கரையாது. இந்தச் சோதனையில் தேறிய தூளிலும் அது இருக்கலாம், ஆய்வகம்தான் கண்டுபிடிக்கும். அதனால் முழு விரலியாக வாங்கி அரைப்பது மேல், அதுவும் பளபளவென்று எலுமிச்சை நிறத்தில் மின்னாத விரலியாக. மங்கலாக, லேசாக மண் ஒட்டி இருந்தால் பரவாயில்லை. உடைத்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள். மேலே மட்டும் நிறம், உள்ளே வெளிறல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கழுவி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து அரைத்த தூளை, வெளிச்சம் புகாத டப்பாவில் போட வேண்டும். அடுப்பு மேடையில் ஜன்னலோரம் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் நிறம் வெளுக்கும்; வெளுப்பது குர்குமின்தான்.