மிரட்டல் அழைப்பா? வைத்ததும் *57
அமெரிக்காவில் வீட்டுத் தொலைபேசியில் மிரட்டலோ ஆபாசப் பேச்சோ வந்தால், பதில் பேசாமல் வைத்துவிட்டு உடனே *57 அழுத்துங்கள்; அழைத்தவரின் எண்ணைத் தொலைபேசி நிறுவனம் பதிவு செய்ய வைக்கும் குறியீடு இது. அடுத்த அழைப்பு வருவதற்குள் செய்துவிட வேண்டும், ஏனென்றால் கடைசியாக வந்த அழைப்பைத்தான் அது பிடிக்கும். எண்ணை மறைத்து அழைத்திருந்தாலும் தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் நேரத்தோடு ஏறிவிடும். அந்த எண்ணை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், காவல்துறைக்குத்தான் கொடுப்பார்கள். அதனால் தேதி, நேரம், பேசிய வார்த்தைகளை அப்போதே குறித்து வைத்து, அதோடு போய்ப் புகார் கொடுங்கள்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 653எம் பிரிவின்படி, தொல்லை தரும் நோக்கத்தோடு மிரட்டியோ ஆபாசமாகவோ பேசிய ஒரே ஓர் அழைப்பும் குற்றம்தான். வெறுமனே தொந்தரவு செய்வது என்றால் அது திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும். அழைப்பு வந்த இடத்திலேயே குற்றம் நடந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அழைத்தவர் ஊரைத் தேடி அலையாமல் உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கே போகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

கைபேசிகளில் பெரும்பாலும் *57 வேலை செய்யாது. போலி எண்ணிலிருந்து வரும் மோசடி அழைப்புக்கும் பெரிதாக உதவாது. பல நிறுவனங்கள் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வசூலிக்கும், ஆகவே சாதாரண விளம்பர அழைப்புக்கெல்லாம் இதை அழுத்த வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நேராக அவசர உதவி எண் 911தான்.