வயதுபோன பூனைக்கு உலர் உணவு வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

எங்கள் வீட்டுச் சிண்டுவுக்கு இப்போது 13 வயது. கல்லடியில் ரோட்டோரத்து வீடு, பக்கத்து வளவில் இரண்டு நாய், அதனால் பல வருடமாக அவள் படலையைத் தாண்டியதே இல்லை. பத்து வயது முடிந்த கையோடு கடைக்குப் போய், வீட்டுக்குள் இருக்கும் வயதான பூனைகளுக்கு என்று முன்பக்கத்தில் எழுதியிருந்த ஒரு பக்கற்றை வாங்கினேன். "அக்கா, இது வயசுபோன பூனைக்கெண்டே வந்த சாமான்" என்றான் கடைப்பொடியன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அதையே போட்டேன். ஒரு நாள் முதுகைத் தடவும்போது முள்ளெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. வயிறு வழமைபோலத் தொங்கிக்கொண்டிருந்ததால் மெலிந்தது கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகுதான் பக்கற்றைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசிக்கப் பழகினேன்.

நான் விட்ட முதல் பிழை, அந்த 'சீனியர்' என்ற சொல்லை நம்பியது. பூனை உணவுக்குப் பல நாடுகளிலும் கம்பனிகள் காட்டுகிற அளவுகோல், ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் ஊட்டச்சத்து அட்டவணை. அதில் பூனைக்கு இரண்டே பிரிவுதான்: குட்டிகளுக்கும் சினைப் பூனைகளுக்கும் ஒன்று, வளர்ந்த பூனைகளுக்கு ஒன்று. கிழட்டுப் பூனைக்கென்று தனிப் பிரிவே கிடையாது. ஆகவே ஒரு கம்பனி கொழுப்பைக் குறைத்துவிட்டு சீனியர் என்று எழுதும், இன்னொன்று புரதத்தைக் கூட்டிவிட்டு அதையே எழுதும், இரண்டும் சரிதான். 'இன்டோர்' என்பதும் இப்படித்தான், பெரும்பாலும் கலோரியைக் கொஞ்சம் குறைத்து, மயிருருண்டை வராமல் இருக்க நாரைக் கூட்டியிருப்பார்கள். ஐந்து வயதில் சோபாவில் படுத்துக் கொழுத்துக் கிடக்கும் பூனைக்கு அது நல்லது. மெலிந்துகொண்டு போகிற பூனைக்கு அதுவே வினை.

ஏனென்றால் பூனையின் முதுமை நாம் நினைக்கிற மாதிரி ஒரே சீராகப் போவதில்லை. நடுவயதில் உடம்பு போடும், அப்போது சாப்பாட்டைக் குறைக்கத்தான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நிறையப் பூனைகளுக்குக் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் திறன் குறைந்து, தசை கரையத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து நாம் 'லைட்' சாப்பாட்டை நீட்டுகிறோம்.

அக்கரைப்பற்றில் இருக்கும் மச்சாள் இன்றைக்கும் சொல்லுவா, வயதுபோன பூனைக்குப் புரதம் கூடக் கொடுத்தால் கிட்னி போய்விடும் என்று. நல்ல சிறுநீரகம் புரதத்தால் கெடுவதில்லை. புரதத்தைக் குறைத்தால் தசைதான் போகும். ஆனால் அவவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோய் கிழட்டுப் பூனைகளில் மிகச் சாதாரணம். அது வந்துவிட்டால் முக்கியமாகக் கட்டுப்படுத்த வேண்டியது பொஸ்பரஸ், அந்தக் கணக்கைப் பல பக்கற்றுகளில் போடுவதே இல்லை. கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஆயிரம் கலோரிக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வயதாகிவிட்டதே என்று முன்யோசனையாகச் சிறுநீரக நோய்ச் சாப்பாட்டை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். அதில் புரதமும் சேர்த்துத்தான் குறைத்திருப்பார்கள், அது நோயுள்ள பூனைக்கு வைத்தியர் சொல்லிக் கொடுப்பது. உண்மையில் பக்கற்றைப் பார்க்கும் முன்னமே மிருக வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிடுவது நல்லது. நன்றாகத் தின்று தின்று மெலிந்தால் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதோ என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கூடக் குடித்து மெலிந்தால் சீனி வருத்தமாகவும் இருக்கலாம், சிறுநீரகமாகவும் இருக்கலாம். இதையெல்லாம் சாப்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்தே மாதக்கணக்கில் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கடத்தினேன்.

சரி, பின்பக்கம். முதலில் தேட வேண்டியது அது முழுமையான, சமநிலையான உணவு என்ற வாசகம், எந்தப் பருவத்துக்கு என்பதோடு. 'எல்லாப் பருவத்துக்கும்' என்று இருந்தால் அது குட்டிகளின் அளவுக்கும் பொருந்தச் செய்தது, பெரும்பாலும் கலோரியும் தாதுக்களும் கூடவே இருக்கும். துணை உணவு என்று இருந்தால் அதை மட்டும் கொடுத்துப் பூனை வளர்க்க முடியாது. நாய்ச் சாப்பாடு மலிவு என்று வாங்கிப் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்: டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் என்று 1987 இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், நாய்ச் சாப்பாட்டில் அதைப் பூனைக்குக் காணும் அளவுக்குச் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்தது எண்கள். உலர் உணவில் புரதம் 30 வீதம், பேணிச் சாப்பாட்டில் 9 வீதம் என்று பார்த்தவுடன் உலர் உணவுதான் திறம் என்று முடிவு கட்டாதீர்கள். உலர் உணவில் ஈரலிப்பு 10 வீதம், பேணியில் 82 வீதம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்தால் பிரித்தால், முதலாவது 30 ஐ 90 ஆல், அதாவது 33 வீதம். இரண்டாவது 9 ஐ 18 ஆல், 50 வீதம். வளர்ந்த பூனைக்கு ஆஃப்கோ சொல்லும் ஆகக் குறைந்த புரதம் இப்படித் தண்ணீர் கழித்த கணக்கில் 26 வீதம். அது அடிமட்டம், கிழட்டுப் பூனைக்கு நான் 26 ஐ ஒட்டி நிற்கும் பக்கற்றைத் தொடுவதில்லை.

மாச்சத்தைப் பக்கற்றில் எழுதமாட்டார்கள், நாமேதான் கழித்துப் பார்க்க வேண்டும். புரதம் 30, கொழுப்பு 10, நார் 6, ஈரலிப்பு 10, சாம்பல் (தாதுக்களின் கணக்கு) போடாவிட்டால் உத்தேசமாக 8, மிச்சம் 36. புரதத்தையும் மாச்சத்தையும் 3.5 ஆலும் கொழுப்பை 8.5 ஆலும் (ஒரு கிராமுக்கான கலோரிக் கணக்கு) பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமில் ஏறக்குறைய 316 கலோரி. வீட்டுக்குள் இருக்கும் நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 240 கலோரி வரை போதும், அதாவது 63 முதல் 76 கிராம். இங்கேதான் தேத்தண்ணிக் கோப்பையால் அள்ளிப் போடுகிற பழக்கம் கழுத்தறுக்கும்; பத்துக் கிராம் கூடினாலே 30 கலோரிக்கு மேல், அது பூனைக்கு ஒரு நாள் சாப்பாட்டில் ஏழில் ஒரு பங்கு. ஒரு சின்னத் தராசு வாங்குங்கள். பூனையையும் மாதம் ஒருமுறை நிறுங்கள். நாலு கிலோப் பூனையில் 400 கிராம் குறைவது, அறுபது கிலோ மனிதரில் ஆறு கிலோ குறைவது மாதிரி. (சிண்டுவை வாசலில் வரும் மீன்காரரின் தராசில் நிறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. மீன் வாசத்துக்கு அவள் தட்டிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.)

சேர்மானப் பட்டியலில் முதலில் கோழி என்று இருந்தால் மயங்க வேண்டாம். அது வேகவைக்கும் முன் இருந்த நிறைப்படி எழுதுவது, பச்சைக் கோழியில் முக்கால்வாசி தண்ணீர். அதற்குக் கீழே சோளம், சோள மா, சோளப் புரதம் என்று ஒரே பொருளை மூன்றாகப் பிரித்துப் போட்டிருந்தால் கூட்டிப் பாருங்கள். தானியம் இல்லாதது என்று விலை கூட்டி விற்பதிலும் பட்டாணி, உருளைக்கிழங்கு என்று மாச்சத்து இருக்கும், அது இல்லாமல் அந்த மணி மணியான உரு நிற்காது. அப்புறம், பூனை ஆசையாகத் தின்கிறதே என்பது ஒரு சாட்சியே இல்லை. மணிகளின் மேலே கொழுப்பும் ஈரல் சாறும் தெளித்துத்தான் விடுகிறார்கள்.

நமது ஊருக்கென்று ஒரு பெரிய பிழை இருக்கிறது, அது உதிரியாக வாங்குவது. பெரிய மூட்டையை உடைத்து, கிலோ கிலோவாகத் தெரியும் பையில் கட்டி வைத்திருப்பார்கள், விலையும் குறைவு. முடிவுத் திகதி இல்லை, மூட்டை எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் உலர் உணவை 27 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. மட்டக்களப்பில் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் இரவு குசினியில்கூட அது கிடைப்பது கஷ்டம். சூட்டிலும் காற்றிலும் கொழுப்பு காறிப்போகும், விற்றமின்கள் குறையும். மாரியில் வாடைக்காற்றோடு ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும், அந்த நஞ்சு எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சின்னப் பக்கற்றாக வாங்கி, பக்கற்றோடேயே மூடி இறுக்கமான டின்னுக்குள் வைத்து, ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். டின்னில் நேரே கொட்டினால் அடியில் தங்கும் பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும், திகதியும் தொகுதி இலக்கமும் குப்பையோடு போய்விடும். எறும்புக்கு, கோப்பையை ஒரு தண்ணீர்த் தட்டத்தில் வையுங்கள், நம் அம்மாமார் சீனிப் போத்தலுக்குச் செய்தது போல.

மறுகா, மேலே சேர்க்கிறவை. பூனை தின்னவில்லை என்று சோறும் மீனாணமும் பிசைந்து மணிகளோடு போடுகிறோம். ஆணத்தில் இருக்கும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். கருவாட்டிலும் நெத்தலியிலும் உப்பும் பொஸ்பரஸும் கூட. வெறும் தண்ணீரில் அவித்து முள் எடுத்த மீன் கொஞ்சம் போடலாம், நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பக்கற்றில் கணக்குப் பார்த்ததெல்லாம் வீண். மணிகள் கடித்தால் பல் சுத்தமாகும் என்பதை நம்பாதீர்கள், சாதாரண உலர் உணவு அந்த வேலையைச் செய்வதில்லை. பல் வலிக்கிற கிழட்டுப் பூனை அதை அப்படியே விழுங்கும் அல்லது விட்டுவிடும். பூனைக்குத் தாகமும் குறைவு என்பதால், உலர் உணவு மட்டும் என்றால் வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் அகலக் கோப்பையில் தண்ணீர் வேண்டும். மணிகளை ஊறவைத்தும் கொடுக்கலாம், நமது வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கடைசியாக, ஒரே நாளில் மாற்றுவது. ஏழு முதல் பத்து நாள் எடுத்து, பழையதோடு புதியதை முதலில் கால்வாசி, பிறகு அரைவாசி என்று கலந்து போங்கள். "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடுகிற வேலை பூனையிடம் கூடவே கூடாது, இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து, அதுவும் கொழுத்த பூனை என்றால் இன்னும். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் பழையதையே கொடுத்துவிட்டு வைத்தியருக்குச் சொல்லுங்கள். சிண்டுவுக்குப் பத்து நாள் போதவில்லை, மூன்று கிழமை எடுத்தது. முதல் கிழமை முழுக்கப் புது மணிகளை ஒவ்வொன்றாக வாயால் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு, பழையதை மட்டும் தின்றுகொண்டிருந்தாள்.